காட்டுத் தரையில் ஒரு வெள்ளைச் செடி: அது யார் செலவில் வாழ்கிறது?

பள்ளியில் பயாலஜி குரூப் எடுத்தவர்களுக்கு ஒரு கேள்வி. பூக்கும் தாவரங்களில் சாறுண்ணிக்கு உதாரணம் எது? நுழைவுத் தேர்வுக்குப் படித்தவர் என்றால் யோசிக்காமல் 'மோனோட்ரோபா' என்று டிக் அடித்திருப்பீர்கள். மார்க்கும் கிடைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த விடை தவறு. தவறு என்று காட்டிய சோதனை 1960லேயே வெளியாகிவிட்டது. கேள்வி வங்கிகளுக்குத்தான் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு மார்க் விஷயம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தச் செடி எதைச் சாப்பிட்டு வாழ்கிறது என்ற கேள்வியை இழுத்துக்கொண்டே போனால், இந்தியாவில் காடு எவ்வளவு இருக்கிறது என்று நாம் எண்ணும் முறையில் வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், இது என்ன செடி?

மோனோட்ரோபா யூனிஃப்ளோரா. இமயமலைக் காடுகளில், ஓக், ஊசியிலை மரங்களின் நிழலில், மழைக்காலத்தில் தரையைப் பிளந்துகொண்டு எழும். மெழுகில் வார்த்த மாதிரி வெள்ளைத் தண்டு, ஒரு சாண் உயரம், நுனியில் தலைகுனிந்த ஒரே ஒரு பூ. இலை என்று சொல்ல மெல்லிய செதில்கள்தான். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும்கூட உண்டு. ஆங்கிலத்தில் இதற்குப் 'பேய்க் குழல்' என்று பொருள்படும் பெயர்.

முதல் தடவை பார்ப்பவர்கள் காளான் என்றுதான் நினைப்பார்கள். காளான் கிடையாது. விதை உண்டு, மகரந்தம் உண்டு, முறையான பூக்கும் தாவரம். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானும், சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் விற்கும் ப்ளூபெர்ரியும் இதற்கு ஒரே குடும்பத்துச் சொந்தங்கள். இதில் இல்லாதது ஒன்றுதான்: பச்சையம். பச்சையம் இல்லையென்றால் ஒளிச்சேர்க்கை இல்லை. வெயிலிலிருந்து சர்க்கரை தயாரிக்கத் தெரியாத செடி.

சரி, அப்போ சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

மட்கிய இலை என்ற பழைய விடை

செடியைச் சுற்றிப் பார்த்தால் மட்கிய இலைகள்தான் கிடக்கின்றன. அதைத்தான் தின்கிறது போல என்று அந்தக் காலத் தாவரவியலாளர்கள் முடிவு கட்டினார்கள். சாறுண்ணி (புதிய பாடப்புத்தகங்களில் மட்குண்ணி) என்ற முத்திரை அப்படி விழுந்ததுதான். ஆனால் மட்கை நேரடியாகச் செரித்து உடம்பாக்கும் திறன் பூக்கும் தாவரங்களுக்குக் கிடையாது. அது பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் செய்யும் வேலை.

1880களின் தொடக்கத்தில் போலந்துத் தாவரவியலாளர் ஃபிரான்சிஷெக் கமியென்ஸ்கி, மோனோட்ரோபா வேரை நுண்ணோக்கியில் பார்த்தார். வேரைச் சுற்றி ஒரு பூஞ்சை உறை. எவ்வளவு நெருக்கம் என்றால், வேர் மண்ணையே நேரடியாகத் தொடவில்லை. மண்ணுக்கும் வேருக்கும் நடுவில் எப்போதும் பூஞ்சை. அப்படியென்றால் செடிக்கு எது வந்தாலும் பூஞ்சை வழியாகத்தானே வந்தாக வேண்டும்? பக்கத்து மரங்களின் வேரிலும் அதே மாதிரி பூஞ்சை இருப்பதையும் அவர் கவனித்தார். பூஞ்சையும் வேரும் சேர்ந்த இந்த அமைப்புக்கு 'மைக்கோரைசா' என்று ஜெர்மனியின் ஃபிராங்க் பெயர் வைத்தது அதற்குப் பிறகு, 1885ல்.

மைக்கோரைசா என்ற சொல் புதிதாக இருந்தால், விவசாயம் பார்க்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். உரக்கடையில் 'வேம்' என்று விற்கும் வேர் உட்பூசணம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நிலத்தாவர இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு பூஞ்சையோடு இப்படிக் கூட்டு வைத்திருக்கின்றன. பூஞ்சை தன் இழைகளை மண்ணுக்குள் நீட்டி பாஸ்பரஸ், நைட்ரஜன், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி, தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கும். சில செடிகள் 20 சதவீதம் வரைகூடக் கொடுக்கின்றன. கொடுக்கல் வாங்கல் கணக்கு.

மோனோட்ரோபா இந்தக் கணக்கில் வாங்குவதை மட்டும் செய்கிறது.

நிரூபித்தது ஒரு ஊசி

கமியென்ஸ்கி சொன்னது நல்ல ஊகம், ஆனால் ஊகம்தான். உறுதி செய்தவர் ஸ்வீடனின் எரிக் பியோர்க்மன். கதிரியக்கக் கார்பன் கொண்ட குளுக்கோஸை மரத்தின் பட்டைக்கு அடியில், சர்க்கரை ஓடும் திசுவுக்குள் ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் பக்கத்தில் முளைத்திருந்த மோனோட்ரோபா வகைச் செடிக்குள் (மஞ்சள் நிறமான ஹைப்போபிட்டிஸ்) அதே கதிரியக்கம் தெரிந்தது. மரத்தின் வேருக்கும் செடியின் வேருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. நடுவில் இருந்தது பூஞ்சை மட்டும்.

இன்னொரு சோதனையும் செய்தார். மண்ணுக்குள் உலோகத் தகடுகளை இறக்கி, சில செடிகளைச் சுற்றியுள்ள மர வேர்களிலிருந்து பிரித்தார். மட்கு அப்படியே இருந்தது. ஆனாலும் செடிகள் நலிந்தன. மட்குதான் உணவு என்றால் தகடு எந்த வித்தியாசத்தையும் செய்திருக்கக் கூடாது, இல்லையா?

ஆக, பில் கட்டுவது மரம். மரம் பூஞ்சைக்குக் கொடுத்த சர்க்கரையை, பூஞ்சையிடமிருந்து இந்தச் செடி எடுத்துக்கொள்கிறது. மரத்துக்கும் இதற்கும் அறிமுகமே இல்லை. பூஞ்சையும் எதையோ பதிலாக வாங்கிக்கொள்கிறதா, வெறுமனே ஏமாறுகிறதா என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் முடியாத விவாதம். பதிலுக்கு எதுவும் போவதாக இதுவரை வலுவான ஆதாரம் இல்லாததால், ஏமாற்று என்ற பக்கமே கை ஓங்கியிருக்கிறது.

1994ல் பிரிட்டன் ஆய்வாளர் ஜொனாதன் லீக், சாறுண்ணி என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்று நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆய்வுலகம் இப்போது 'மைக்கோஹெட்டிரோட்ரோஃப்' என்கிறது. தமிழில் பூஞ்சையுண்ணித் தாவரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குழப்பம் வர வேண்டாம்: சப்பாத்துக்கள்ளி மேலும் வேலி மேலும் படரும் அம்மையார் கூந்தல் மாதிரியான ஒட்டுண்ணிகள் இன்னொரு செடிக்குள் நேரடியாக உறிஞ்சியை இறக்கிச் சாற்றை எடுப்பவை. பூஞ்சையுண்ணிகள் எந்தச் செடியையும் தொடுவதில்லை.

இப்போதெல்லாம் மரத்துக்கு ஊசி போட வேண்டியதில்லை. காளான்களில் கனமான கார்பன், கனமான நைட்ரஜன் அணுக்களின் விகிதம் பச்சைச் செடிகளைவிட அதிகம். பூஞ்சையைத் தின்னும் செடிக்கும் அதே விகிதம் வந்துவிடும். 2003ல் ஜெர்மனியில் கெபவர், மேயர் இருவரும் இந்த முறையில் காட்டு ஆர்கிட்களை அளந்தபோது, பச்சையாக இருக்கும் சில ஆர்கிட்களும் ஓரளவு பூஞ்சைச் சாப்பாட்டில் ஓடுவது தெரிந்தது. அதாவது பகுதிநேரத் திருட்டும் உண்டு. வெளித்தோற்றத்தில் நல்ல பிள்ளைகள்.

ரீல்ஸில் 'மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் குட்டிகளுக்குப் பாலூட்டுகிறது' என்று பார்த்திருப்பீர்கள். அதில் பாதிக்கு மேல் ஆதாரத்தைத் தாண்டி ஓடிவிட்ட கதை என்று 2023ல் அந்தத் துறையின் மூன்று ஆய்வாளர்களே கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். பூஞ்சை வழியாக ஒரு தாவரத்தின் கார்பன் இன்னொரு தாவரத்தை உண்மையிலேயே வாழவைக்கிறது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி வேண்டுமென்றால், அது இந்த வெள்ளைச் செடிதான். ஆனால் இதில் அம்மா பாசம் எதுவும் இல்லை.

எத்தனை இருக்கின்றன?

பூக்கும் தாவரங்கள் தோராயமாக 3 லட்சம் இனங்கள். அதில் முழுநேரப் பூஞ்சையுண்ணிகள் 500க்குச் சற்று மேல். ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் பரிணாமத்தில் இந்த வழி 40 தடவைக்கும் மேல் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் செய்த தந்திரத்தை வாரிசுகள் தொடர்ந்த கதை இல்லை. வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு காலங்களில், ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இவற்றில் ஏறத்தாழ பாதி ஆர்கிட்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1899ல் பிரான்ஸின் நோயல் பெர்னார் இதைக் கண்டுபிடித்தார். அதாவது உலகத்தில் உள்ள 28 ஆயிரம் சொச்சம் ஆர்கிட் இனங்களும் குழந்தைப் பருவத்தில் பூஞ்சையுண்ணிகள்தான். பெரும்பாலானவை பிறகு பச்சை இலை விட்டு சொந்தக் காலில் நிற்கின்றன. சில, பெரியவர்களான பிறகும் வீட்டைவிட்டுக் கிளம்புவதே இல்லை.

அப்படிக் கிளம்பாதவற்றில் எபிபோஜியம் ரோசியம் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. சாதாரணச் செடியின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் மரபணுத் தொகுதி சுமார் ஒன்றரை லட்சம் எழுத்து நீளம். எபிபோஜியம் ரோசியத்தில் அது வெறும் 19 ஆயிரம். ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் ஒன்றுவிடாமல் போய்விட்டன. திரும்பிப் பச்சையாக வழியில்லை. பூஞ்சை செத்தால் இதுவும் காலி.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ரைசாந்தெல்லா கார்ட்னெரி இன்னும் ஒரு படி மேலே. பூப்பதே மண்ணுக்கடியில். 1928ல் ஒரு விவசாயி தன் நிலத்தில் மண்ணைக் கிளறியபோது தற்செயலாகக் கிடைத்தது. மெலலூக்கா என்ற ஒரு புதர், அதன் வேரில் வாழும் ஒரு பூஞ்சை, இரண்டும் இருந்தால்தான் இது இருக்கும். கோதுமை வயலுக்காக அந்தப் புதர்க்காடு அழிக்கப்பட்டதில் இன்று மிக அருகிவிட்டது.

வீட்டில் வளர்க்க முடியுமா?

பொதுவாக முடியாது. 'சாறுண்ணி' என்ற தவறான பெயர் ஏன் ஆபத்து என்பதும் இங்கேதான். மட்கைத் தின்கிறது என்றால், ஒரு தொட்டியில் இலைமட்கு நிரப்பி நட்டுவிடலாமே? நட்டால் சாகும். செடியைப் பெயர்த்த கணமே பூஞ்சை இழை அறுந்துவிடும். இழையோடு அள்ளிக்கொண்டு வந்தாலும், அந்தப் பூஞ்சைக்குச் சோறு போடும் மரம் தொட்டியில் இல்லை. போதாக்குறைக்கு இவை எந்தப் பூஞ்சையோடும் சேர்ந்துவிடுவதில்லை. மோனோட்ரோபா யூனிஃப்ளோராவுக்கு ருசுலா குடும்பக் காளான்தான் வேண்டும். இதைவிட ஒரே ஒரு இனப் பூஞ்சையைக் கட்டிக்கொண்டு அழுபவையும் உண்டு.

அமெரிக்காவில் இந்தச் செடியை வலிக்கும் பதற்றத்துக்கும் மருந்து என்று சாராயத்தில் ஊறவைத்து டிங்க்சராக விற்கும் போக்கு சமூக ஊடகங்களால் பரவியிருக்கிறது. வளர்க்க முடியாத செடி என்பதால், விற்கும் ஒவ்வொரு பாட்டிலும் காட்டிலிருந்து பிடுங்கியதுதான்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, சீனாவின் தியான்மா. கேஸ்ட்ரோடியா எலாட்டா என்ற இந்த ஆர்கிட்டின் கிழங்கு அங்கே பழைய மருந்து. இலையும் இல்லை, வேரும் இல்லை, கிழங்கும் பூந்தண்டும்தான். இதை இன்று பெரிய அளவில் பயிர் செய்கிறார்கள். எப்படி முடிந்தது? இதன் பூஞ்சையான ஆர்மிலேரியா உயிருள்ள மரத்தை நம்பியே இருக்கத் தேவையில்லை, வெட்டிய கட்டையைத் தின்றும் வாழும். கட்டையில் பூஞ்சையை ஏற்றி, பக்கத்தில் கிழங்கைப் புதைத்தால் போதும். விதை முளைக்க மட்டும் மைசீனா என்ற வேறொரு பூஞ்சை வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகுதான் சங்கிலி முழுமையானது. மோனோட்ரோபாவுக்கு இப்படிக் கட்டையைக் கொடுத்துச் சமாளிக்க வழியில்லை. அதற்கு வாழும் மரம் வேண்டும்.

காலி செல்லும் பூஜ்யமும்

டேட்டா வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். எக்செல்லில் காலியாக இருக்கும் செல்லும், பூஜ்யம் போட்ட செல்லும் ஒன்றில்லை. ஒன்றுக்கு 'பார்க்கவில்லை' என்று அர்த்தம், இன்னொன்றுக்கு 'பார்த்தோம், இல்லை'. சராசரி போடும்போது இரண்டையும் குழப்பினால் ரிப்போர்ட்டே போச்சு. பூஞ்சையுண்ணிகள் விஷயத்தில் நம்மிடம் இருப்பது பெரும்பாலும் காலி செல்கள்.

காரணம் எளிது. வருடத்தில் சில வாரங்கள்தான் தரைக்கு மேலே வரும். சில வருடங்கள் வராமலே போகும். மீதி நேரம் மண்ணுக்குள். திஸ்மியா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி அளவில், கண்ணாடி விளக்கு மாதிரிப் பூக்கும் செடிகள். 1866ல் போர்னியோவின் சரவாக்கில் இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி ஒரு திஸ்மியாவைக் கண்டு வரைந்து வைத்தார். அடுத்து அதை யாராவது பார்த்தது 2017ல். நடுவில் 151 ஆண்டுகள் காலி செல்.

அமெரிக்காவின் கதை இப்படி நல்லபடியாக முடியவில்லை. 1912ல் சிகாகோ நகர ஓரத்துப் புல்வெளி ஒன்றில் நார்மா ஃபைஃபர் என்ற மாணவி ஒரு திஸ்மியாவைக் கண்டுபிடித்தார். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது நியூசிலாந்துப் பக்கம். கடைசியாகக் கண்ணில் பட்டது 1916ல். அந்தப் பகுதி பிறகு தொழிற்பேட்டையானது. தன்னார்வலர்கள் பல தடவை மண்டியிட்டுத் தேடிவிட்டார்கள். கிடைக்கவில்லை. இந்தச் செல்லில் பூஜ்யம் என்று எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்தியா? திஸ்மியா நம் நாட்டில் இருக்கிறது என்பதே 2017ல்தான் பதிவானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் கிடைத்த புதிய இனம், பெயர் திஸ்மியா சஹ்யாத்ரிகா. பக்கத்தில் இலங்கையில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு திஸ்மியா பதிவாகியிருந்தது. இடையில் நம் பக்கம் இல்லாமல் இருந்ததா, யாரும் குனிந்து பார்க்கவில்லையா? செல் காலியாக இருந்தது என்பதுதான் விடை.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது?

இனி நம் காட்டுக் கணக்கு. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம் காட்டுப் போர்வை. சதுர கிலோமீட்டரில் 7,15,343. தனி மரங்களையும் சேர்த்தால் 25.17 சதவீதம். செய்தியில் தலைப்பாக வருவது இந்த இரண்டாவது எண்.

இதில் 'காட்டுப் போர்வை' என்றால் என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் மர விதானம் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல். அவ்வளவுதான். என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி கிடையாது. பழத்தோட்டம், மூங்கில், பனை, தைலமரத் தோட்டம் எல்லாம் அடக்கம். செயற்கைக்கோள் மேலிருந்து பச்சையைப் பார்க்கிறது. பச்சையே இல்லாத, விதானத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு செடியும், அதற்கும் அடியில் ஓடும் பூஞ்சை இழையும் அந்தப் படத்தில் விழ வாய்ப்பே இல்லை. இது வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் குறை இல்லை. அளக்க நினைத்ததை அவர்கள் சரியாகத்தான் அளக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து நாம் செய்யும் மாற்றுக் கணக்கில்தான் பிரச்சினை.

காடு ஒன்றை அணைக்கோ சுரங்கத்துக்கோ துறைமுகத்துக்கோ எடுத்தால், வேறு இடத்தில் ஈடாக மரம் வளர்க்க வேண்டும் என்பது சட்டம். ஹெக்டேருக்கு ஹெக்டேர். கிரேட் நிக்கோபார் திட்டத்துக்காக சுமார் 130 சதுர கிலோமீட்டர் தீவுக் காட்டை எடுக்க 2022ல் முதல்கட்ட வன அனுமதி கிடைத்தபோது, ஈடு காடு வளர்ப்பு ஹரியானாவில் என்று முன்வைக்கப்பட்டது. ஆண்டு முழுக்க மழை பெய்யும் தீவுக்கு ஈடாக ஆரவல்லிப் பக்கத்து வறண்ட மண். விதானக் கணக்கில் இரண்டு பக்கமும் சமன் ஆகலாம். மண்ணுக்கடியில் ஓடும் கணக்கில் எப்படிச் சமன் ஆகும்?

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நட்ட காடெல்லாம் அடியில் வெறுமை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் மனிதர்கள் நட்ட பைன் தோப்புகளிலும் பியோர்க்மனின் மஞ்சள் ஹைப்போபிட்டிஸ் முளைக்கிறது. மரம் அந்த ஊர் மரம், பூஞ்சை அந்த மண்ணிலேயே இருக்கிறது, தோப்பைப் பல பத்தாண்டுகள் யாரும் தொடவில்லை என்றால் நடக்கும். 5 வருடத்தில் தைலமரத்தை வெட்டி அடுத்த சுற்று நடும் இடத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு பூஞ்சையுண்ணி தரையில் தலைகாட்டுகிறது என்றால், அங்கே மரம், பூஞ்சை, செடி என மூன்று தரப்பும் ஒன்றையொன்று இழக்காமல் நீண்ட காலம் தாக்குப்பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். ஹெக்டேர் கணக்கில் இதற்கு ஒரு காலம் கிடையாது.

ட்ரெக்கிங்கில் கண்ணில் பட்டால்?

சிக்கிம், டார்ஜிலிங், உத்தராகண்ட் பக்கம் மழைக்காலத்தில் போகிறீர்கள் என்றால் மோனோட்ரோபா கண்ணில் படலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் என்றால் மழை நாட்களில் இலைச்சருகுக்கு நடுவே வெளிறிய, இலையில்லாத தண்டு எதைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். போட்டோ எடுங்கள்: பூவை நெருக்கமாக ஒன்று, சுற்றியுள்ள மரங்கள் தெரிய ஒன்று. தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளத்தில் ஏற்றலாம். துல்லியமான இடத்தை மறைத்து வைக்கும் வசதி அதில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஒரு காலி செல் நிரம்பும்.

பிடுங்காதீர்கள். சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் அது குற்றம். பிடுங்கியும் பயனில்லை. மோனோட்ரோபாவின் வெள்ளை, கை பட்டாலே கறுக்கத் தொடங்கும். பறித்துக் காயவைத்தால் முழுக்கக் கறுப்பாகிவிடும். உலர்தாவரக் காப்பகங்களில் இருக்கும் அதன் மாதிரிகள் எல்லாமே அப்படிக் கறுத்த குச்சிகள்தான்.